பிசியோதெரபி பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள்: 24 ஆயிரம் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் விட்டுத்தொலை என்று தோன்றிவிடும். முதுகுவலிக்கு பிசியோதெரபி என்று போய் 24 ஆயிரத்தைத் தொலைத்திருக்கிறேன். வலி அப்படியேதான் இருக்கிறது, கூடவே கால் மரத்துப்போவதும் சேர்ந்துகொண்டது.

பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய பிசியோதெரபி சென்டர் அது. பெயர் போடவில்லை. 'ஆபரேஷன் இல்லாமல் டிஸ்க் குணம்' என்று வாசலில் போர்டு இருக்கும், அந்த ரகம்.

முதல் நாள் பார்த்தவர் சீனியர். அவரைக் குறை சொல்ல அன்றைக்கு எதுவுமே இல்லை. பொறுமையாகக் கேட்டார். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்கி, எந்த இடத்தில் இழுக்கிறது என்று பார்த்தார். மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்து, இரண்டு எலும்புக்கு நடுவே பிதுங்கி நிற்கும் சிவப்பு டிஸ்கை விரலால் தொட்டுக் காட்டி, "இதுதான் மேடம் உங்க நரம்பை அழுத்துது. நல்லவேளை இப்பவே வந்தீங்க. ஆபரேஷன் வரைக்கும் போக நான் விடமாட்டேன்" என்றார். இத்தனை நாள் யாருமே இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லையே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் ரிசப்ஷன் பெண் பேக்கேஜ் அட்டையை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகக் கட்டினால் அதிகமாகும், மொத்தமாகக் கட்டினால் 24 ஆயிரம், சலுகை இன்றைக்கு மட்டும்தான் என்றாள். கட்டினேன்.

அதன் பிறகு அந்த சீனியரை நான் பார்க்கவே இல்லை.

போனால் திரை போட்ட கட்டில். யாராவது ஒரு உதவியாளர் வருவார், ஒவ்வொரு நாளும் வேறு முகம். ஈரப் பஞ்சு வைத்த ரப்பர் பேடுகளை முதுகில் ஒட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, கரன்ட்டைத் திருகிவிட்டு, "தாங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். நேரம் முடிந்து மெஷின் கத்திக்கொண்டே இருக்கும், வந்து கழற்ற ஆள் இருக்காது. அப்புறம் அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, ஒலி அலையை முதுகில் செலுத்தும் சிகிச்சை), அப்புறம் இடுப்பில் பெல்ட் மாட்டி முதுகை இழுக்கும் டிராக்‌ஷன். முடிந்தது, அடுத்தவர் வரலாம். ஒரு பயிற்சி, ஒரே ஒரு பயிற்சி சொல்லித்தரவில்லை. கேட்டால், "வலி குறையட்டும் மேடம், கடைசியில சொல்லித் தருவோம்."

இந்த சிகிச்சைகளைப் பற்றிப் படித்துப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. முதுகுவலிக்கும் காலுக்கு இறங்கும் நரம்புவலிக்கும் எந்த சிகிச்சை பயன்தரும் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டிராக்‌ஷன் வேண்டாம், அல்ட்ராசவுண்ட் வேண்டாம், இந்தக் கரன்ட் சிகிச்சையும் வேண்டாம் என்று வரிசையாகச் சொல்கிறது. செய்யச் சொல்வது உடற்பயிற்சியை. என் 24 ஆயிரத்துக்குக் கிடைத்தது அந்த 'வேண்டாம்' பட்டியல் முழுவதும்.

அந்த சிவப்பு டிஸ்க் பயமுறுத்தலும் பாதிக் கதைதான். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 80 வயதில் 96 சதவீதம். பிதுங்கிய டிஸ்க் பல பேருக்கு ஆபரேஷன் இல்லாமல் தானாகவே சுருங்கவும் செய்கிறது. இதையெல்லாம் அந்த சீனியர் படிக்காமலா இருப்பார்?

நடுவில் வலி முதுகிலிருந்து இறங்கிக் கெண்டைக்காலைத் தாண்டி, கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. சொன்னேன். "நரம்பு இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, நல்ல அறிகுறி" என்றான் அன்றைக்கு வந்த உதவியாளர் பையன். பொய். வலி காலிலிருந்து மேலேறி முதுகுக்கு வந்தால்தான் நல்ல அறிகுறி. கீழே இறங்கினால் செய்கிற சிகிச்சையை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். பிறகு நான் போய்ப் பார்த்த வேறொரு மருத்துவர் முதலில் செய்ததே அதுதான்: கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் அழுத்தி பலம் பார்த்தார், குதிகாலால் நடக்கச் சொன்னார். "வீட்டுல என்ன பயிற்சி பண்றீங்க?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சார் மீட்டிங்ல இருக்கார்." "சிஸ்டத்துல ரீஃபண்ட் ஆப்ஷனே கிடையாது மேடம்." "ஹெட் ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்துவிட்டார்கள், நீல டிக் விழுந்தது, பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை. கடைசியாக ஒருவர், "மிச்சம் இருக்கிறதை உங்க வீட்டுல வேற யாருக்காவது வலி இருந்தா மாத்திக் கொடுக்கிறோம்" என்றார். என் 24 ஆயிரத்துக்காக வீட்டில் இன்னொருவருக்கு வலி வர வேண்டுமாம்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக இவ்வளவுதான். மொத்தமாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அன்றன்றைக்குக் கட்டுங்கள். முதல் நாளே பயிற்சி சொல்லித்தராமல் மெஷினை மட்டும் மாட்டினால் இரண்டாம் நாள் போகாதீர்கள். உங்களைச் சோதித்தவரே தொடர்ந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவில் மரத்தாலோ, கால் பலம் இழந்தாலோ பிசியோ சென்டருக்குப் போகவே போகாதீர்கள், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரசீது, பேக்கேஜ் அட்டை, அந்தக் கும்பிடு பொம்மை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகார் இன்றைக்கே போகிறது.