உம்ஷ்லாங்கால க்ரீன் பில்டிங் ஃப்ளாட், ஒரு வருஷம் இருந்து பாத்தாச்சு

தென்னாப்பிரிக்கா டர்பன்ல வீடு தேடுறவங்க இத படிச்சுட்டு போங்க. உம்ஷ்லாங்கா பக்கம் எட்ஜ் சர்டிபிகேட் வாங்கின அபார்ட்மென்ட் ஒண்ணுல வாடகைக்கு இருக்கோம், ரெண்டு பெட்ரூம், மூணாவது மாடி. எட்ஜ்ங்கறது உலக வங்கி குழுமத்தோட ஐஎஃப்சி கொண்டு வந்தது, கரண்ட், தண்ணி, அப்புறம் சிமெண்ட் கம்பி மாதிரி சாமான் தயாரிக்க ஆகுற எனர்ஜி, மூணுலயும் குறைஞ்சது 20 சதவீதம் மிச்சம் காட்டினாதான் குடுப்பாங்க.

எனக்கு உசுரே ஹால் ஜன்னல் தான். இந்த ஊர்ல சூரியன் வடக்கு பக்கமா போகும், நம்ம ஊர் பழக்கத்துல அது தெரியாம முன்னாடி தெற்கு பாத்த வீட்ட எடுத்துட்டோம், ஜூன் ஜூலை குளிர்ல சுவரெல்லாம் ஓதம் ஏறி பூஞ்சை புடிச்சு பாப்பாக்கு சளி விடவே இல்ல. இங்க ஜன்னல் வடக்கு பாத்து இருக்கு, மேல நீட்டமா சன்ஷேட். ஜூன்ல உச்சி வேளைல கூட சூரியன் அடிவானத்துலேந்து 37 டிகிரி கிட்ட தான் ஏறும், அதனால வெயில் சோஃபா வரைக்கும் வந்து விழும், பாப்பா அதுல தான் உக்காந்து வெளயாடுவா. டிசம்பர்ல சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல வந்துரும், அப்ப சன்ஷேட் நிழல்லயே ஜன்னல் முழுக்க மூடிக்கும். போன கோடைல ஏசி ராத்திரி மட்டும் தான் போட்டோம்.

சுடுதண்ணிக்கு ஹீட் பம்ப். காத்துல இருக்க சூட்ட இழுத்து தண்ணிக்கு குடுக்கும், காயில் கீசர் இழுக்குற கரண்ட்ல மூணுல ஒரு பங்கு தான் ஆகும். பழைய வீட்ல ப்ரீபெய்டு மீட்டருக்கு மாசம் 1800 ராண்ட் போடுவேன், இப்ப 1100 போதும். ஆனா வாடகை 900 ராண்ட் ஜாஸ்தி, அதனால காசுல லாபம்னு சொல்ல முடியாது.

தண்ணி விஷயத்துல தான் நான் மனசார கும்பிடுவேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தப்ப நாங்க டர்பனுக்கு வடக்க இருக்க டோங்காட்ல இருந்தோம், அங்க சுத்திகரிப்பு நிலையமே அடிச்சிட்டு போய் மாசக்கணக்கா குழாய்ல சொட்டு வரல, டேங்கர் பின்னாடி பக்கெட்டோட ஓடுவோம், டாய்லெட்டுக்கு ஊத்தறதுக்கே பாதி தண்ணி போயிரும். இங்க மாடில விழுற மழை டேங்க்குக்கு போய் ஃப்ளஷ்ஷுக்கும் செடிக்கும் வருது, சப்ளை நின்னாலும் ஃப்ளஷ் ஓடும்.

குறை சொல்லணும்னா மெயின்டெனன்ஸ். ஜூலைல ஹீட் பம்ப் நின்னு ஒம்பது நாள் பச்சத்தண்ணி தான், பார்ட்ஸ் வரலன்னே சொல்லிட்டு இருந்தாங்க. மழைத்தண்ணி வலைல இலை அடைச்சு ஃப்ளஷ்ல நாத்தம் வேற, நாங்க நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து போய் கேட்டப்புறம் தான் சுத்தம் பண்ணாங்க. சர்டிபிகேட்ட விட, ரிப்பேருக்கு ஆள் யாரு, எத்தன நாள்ல வருவாங்கன்னு கேட்டுக்கோங்க. வீடு பாக்க மத்தியானம் போங்க, போன்ல காம்பஸ் வச்சு ஹால் எந்த பக்கம்னு பாருங்க. எங்க ப்ளாக்லயே அடுத்த மாசம் ஒரு ஃப்ளாட் காலியாகுது, அது தெற்கு பாத்தது, குழந்தை இருக்கவங்க எடுக்காதீங்க.