மடகாஸ்கர் அம்மோனைட் ஜோடி: கல் அருமை, சீட்டுதான் மோசம்

அம்மோனைட் என்பது அறை அறையாகப் பிரிந்த சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரின் புதைபடிவம். இணையக் கடைகளில் நடுவே அறுத்து மெருகேற்றி விற்கும் அம்மோனைட் ஜோடிகளில் பெரும்பாலானவை மடகாஸ்கரின் வடமேற்கே மஹஜங்கா பகுதியில் கிடைக்கும் கிளியோனிசெராஸ் என்ற வகை. வயது சுமார் 11 கோடி ஆண்டு.

அறுத்த முகத்துக்கே காசு கொடுக்கலாம். அறைத் தடுப்புகள் அத்தனையும் தெரியும். சில அறைகளில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் தேன் நிறத்தில் நிறைந்திருக்கும், சில பொந்தாக இருந்து ஓரத்தில் படிகம் கட்டியிருக்கும். தடுப்புகளைத் துளைத்துப் போகும் குழாய் வெளிவிளிம்பை ஒட்டியிருந்தால் அம்மோனைட்; நடுவாக்கில் போனால் நாட்டிலஸ் என்ற வேறொரு சுருள் ஓட்டு உயிர். இரண்டையும் கலந்து விற்பவர்கள் உண்டு.

பெட்டி வந்ததும் இரு பாதியையும் முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். ரம்பம் தின்ற ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்புதான். வெளிக்கோடே பொருந்தவில்லை என்றால் அவை வேறு வேறு உயிர்களின் பாதிகள். விரிசலில் பிசின் அடைத்திருந்தால் பத்து மடங்கு லென்ஸில் காற்றுக்குமிழி தெரியும். துடைக்க ஈரத்துணி போதும். பித்தளைக்குப் போடுகிற புளியோ, எலுமிச்சையோ, வினிகரோ பட்டால் கால்சைட் நுரைத்து மெருகு போய்விடும்.

குறை கல்லோடு வரும் விவரச் சீட்டில் இருக்கிறது. ‘மடகாஸ்கர், கிரெட்டேசியஸ்’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கிரெட்டேசியஸ் என்ற அந்தப் புவியியல் காலம் ஏறத்தாழ 8 கோடி ஆண்டு நீண்டது! எந்த ஊர், எந்தப் படுகை (பாறை அடுக்கு) என்று தெரியாத அம்மோனைட்டை வைத்துப் பழைய கடல்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. தெரிந்தால் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு அரியலூர், காரை பக்கத்துப் படுகைகளே சாட்சி. 1860களில் ஸ்டோலிச்காவும் பிறகு கோஸ்மாட்டும் என்ற புதைபடிவ ஆய்வாளர்கள் விவரித்த அந்த அம்மோனைட்டுகளுக்கு மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் நெருங்கிய உறவுகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைப் பக்கம் உள்ள பாக் என்ற ஊரின் படுகை உயிர்களோ அரேபியா, ஐரோப்பா பக்கம் சாய்கின்றன. ஒரே தீபகற்பத்தின் இரு கரையிலும் வெவ்வேறு கடல், இடையில் நிலம் என்ற முடிவு இப்படித்தான் வந்தது. ஒரே ஒரு ஓடு கிடைத்ததை வைத்து அப்படி முடிவு கட்டவும் கூடாது. உயிர் போன ஓடு மிதந்து வெகுதூரம் போகும். பல இனங்கள், குஞ்சு ஓடுகளோடு சேர்ந்து கிடைத்தால்தான் நம்பலாம்.

மேசை அழகுக்குத் தாராளமாக வாங்கலாம். வகுப்பில் காட்ட என்றால், ஊர்ப் பெயரையும் படுகைப் பெயரையும் எழுதித் தரும் விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதே மேல். சும்மா பார்க்க மட்டும் ஆசை என்றால் அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகம் இருக்கிறது.