டொரன்டோ ஸ்கார்பரோவுல ஃப்ரீயா கிடைக்கிற வேலை தேடுற சர்வீஸ்: 7 மாசம் போய் வந்தவளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், கனடாவுக்கு வந்து இறங்கின புதுசுல ரெஸ்யூம் எழுதித் தர்றேன்னு வர்றவங்ககிட்ட தயவுசெஞ்சு காசு குடுக்காதீங்க. நான் 350 டாலர் குடுத்தேன். அப்போ வீட்டுல எங்க ரெண்டு பேருக்குமே வேலை இல்ல, பேஸ்மென்ட் வாடகை போக கையில மிச்சம் இருந்ததுல அது ரொம்பப் பெரிய காசு. அதே வேலைய அதைவிடப் பல மடங்கு நல்லா, புதுசா குடியேறினவங்களுக்கு உதவுற ஒரு செட்டில்மென்ட் ஏஜென்சியில ஒரு பைசா வாங்காம பண்ணிக் குடுத்தாங்க. அந்த சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னுதான் எழுதறேன்.

நான் திருச்சியில 9 வருஷம் அக்கவுன்ட்ஸ்ல இருந்தவ. எம்.காம். முடிச்சிருக்கேன், டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., பி.எஃப்., சம்பளம் போடுறது எல்லாம் நானே பாத்துக்கிட்டது. 2025 ஜனவரியில பி.ஆர்., அதாவது நிரந்தரமா இங்க இருக்கிற அனுமதி, கிடைச்சு இங்க வந்தோம். வந்த முதல் மாசத்துல ஊர்ல வச்சிருந்த அதே ரெஸ்யூமை நூத்துக்கும் மேல அனுப்பியிருப்பேன், ஒரு போன் கூட வரல. அந்த பயத்துலதான் 350 டாலர் குடுத்தது. அவர் அனுப்பினது பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, பக்கத்தை நெடுக்க ரெண்டு பத்தியா பிரிச்சு, நீலக் கலர், டேலி எவ்ளோ தெரியும் எக்செல் எவ்ளோ தெரியும்னு காட்ட குட்டிக் குட்டி பட்டை. அதையும் ஒரு 40 இடத்துக்கு அனுப்பினேன், ஒண்ணும் நடக்கல.

அப்புறம் மாடியில இருக்கிற ஹவுஸ் ஓனர் அம்மாதான் 211க்கு போன் பண்ணிக் கேளும்மான்னு சொன்னாங்க, எந்த உதவி எங்க கிடைக்கும்னு சொல்ற ஃப்ரீ போன் லைன் அது. போஸ்டல் கோடு கேட்டுட்டு பக்கத்துல இருக்கிற மூணு இடம் சொன்னாங்க, அதுல ஒண்ணுதான் இது. ஃபெடரல் இமிக்ரேஷன் டிபார்ட்மென்ட் பணத்துல நடக்குது, அதனால பி.ஆர். கார்டோ, வந்து இறங்கினப்போ குடுத்த லேண்டிங் பேப்பரோ இருந்தா போதும், அகதியா ஏத்துக்கப்பட்டவங்களுக்கும் உண்டு. ஸ்டூடன்ட் பெர்மிட், ஒர்க் பெர்மிட்ல இருக்கிறவங்கள பெரும்பாலும் இதுல சேர்க்க மாட்டாங்க. என் கூட வந்த தம்பி ஒருத்தன் காலேஜ் முடிச்சு ஒர்க் பெர்மிட்ல இருந்தான், அவனை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, எனக்கு அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அவங்கள மாதிரி இருக்கிறவங்க மாகாண அரசோட எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ சென்டர்ல கேட்டுப் பாருங்க, அங்க ரூல் வேற.

எனக்குக் கிடைச்ச கவுன்சிலர் யாழ்ப்பாணத்து அக்கா. ஊர்லேர்ந்து கொண்டு வந்த பழைய ரெஸ்யூமை முதல்ல பாத்தாங்க. அப்பா பேர், பிறந்த தேதி, கல்யாணம் ஆனவளா, பாஸ்போர்ட் நம்பர், போட்டோ, கடைசியில "மேலே கூறியவை அனைத்தும் உண்மை"ன்னு ஊர், தேதி, கையெழுத்து. நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தானே போடுவோம். "தங்கச்சி, இதில ஏன் அப்பான்ர பேர் கிடக்கு? இஞ்ச ஒருத்தரும் இதைக் கேக்கக் கூடாது"ன்னு சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. வயசு, மதம், கல்யாணம் பத்தியெல்லாம் வேலைக்கு எடுக்கிறப்போ கேக்கக் கூடாதுன்னு ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டமே சொல்லுது, அதனால நாமளே எழுதிக் குடுத்தா அவங்களுக்கும் சங்கடம். சம்பளத்துக்கும் வரிக்கும் அரசாங்கம் குடுக்கிற சின் நம்பரையும் எக்காரணம் கொண்டும் ரெஸ்யூம்ல போடாதீங்க, வேலையில சேர்ந்தப்புறம் குடுத்தா போதும்.

அப்புறம் அந்த 350 டாலர் ரெஸ்யூமை எடுத்தாங்க. நாலு வரி படிச்சவுடனே, இது அப்படியே என்.ஓ.சி. வெப்சைட்ல இருக்கிற வரியாச்சேன்னாங்க. என்.ஓ.சி.ன்னா கனடா அரசாங்கம் எல்லா வேலைக்கும் ஒரு நம்பர் குடுத்து என்னென்ன செய்யணும்னு எழுதி வச்சிருக்கிற பட்டியல். 12200 திறந்து காட்டினாங்க, புக்கீப்பர் வேலையோட நம்பர் அது, வார்த்தைக்கு வார்த்தை அதேதான். என் 9 வருஷ வேலையில ஒரு வரி கூட அதுல இல்ல. அப்புறம் அந்த ஃபைலை மொத்தமா காப்பி பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணிக் காட்டினாங்க. ரெண்டு பத்தியும் கலந்து, கம்பெனி பேர் ஒரு பக்கம் வருஷம் ஒரு பக்கம்னு கந்தரகோலமா கிடந்துச்சு. பெரிய கம்பெனிங்கள்ல முதல்ல ரெஸ்யூமைப் படிக்கிறது சாஃப்ட்வேர், அதுக்கும் இந்த மாதிரிதான் தெரிய வாய்ப்பு அதிகம். இந்த நோட்பேட் டெஸ்டை நீங்க இப்பவே வீட்டுல பண்ணிப் பாக்கலாம், ரெண்டு நிமிஷம்தான்.

அடுத்த ரெண்டு சந்திப்புல நடந்ததுதான் எனக்கு இந்த சர்வீஸோட உண்மையான மதிப்பு. அவங்க எதையும் எழுதித் தரல, கேள்வி மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாசம் எத்தனை இன்வாய்ஸ் பாப்பீங்க? எத்தனை பேருக்கு சம்பளம் போட்டீங்க? மாசக் கடைசி கணக்கு முடிக்க எத்தனை நாள், நீங்க போனப்புறம் அது குறைஞ்சுதா? யோசிச்சுப் பாத்தா மாசம் 400 இன்வாய்ஸ், 62 பேருக்கு சம்பளம், 9 நாள் ஆன வேலைய 5 நாளா கொண்டு வந்தது நான்தான். இதெல்லாம் ஒரு சாதனைன்னு எனக்கு அதுவரைக்கும் தோணினதே இல்ல, வேலைன்னா செய்யத்தானே வேணும்னுதான் இருந்தேன். 12 கோடி டர்னோவர்னு போட்டிருந்ததை 2 மில்லியன் டாலர்னு மாத்தினோம், ஏன்னா கோடின்னா இங்க யாருக்கும் புரியாது. ஜி.எஸ்.டி.ல நான் பாத்த இன்புட் டேக்ஸ் கிரெடிட் இங்கயும் அதே பேர்ல இருக்கு, ஒன்டாரியோவுல 13 சதவீதம் எச்.எஸ்.டி.ங்கிற விற்பனை வரி, கணக்கு போடுற யோசனை ஒண்ணுதான். பி.எஃப்., டி.டி.எஸ்.னு இருந்த இடத்துல சம்பளத்துல பிடிச்சுக் கட்டுறதுன்னு பொதுவா எழுதினோம், இங்க சி.பி.பி. (பென்ஷன்), ஈ.ஐ. (வேலை இழப்பு இன்சூரன்ஸ்) பிடிக்கிறவங்களுக்கு அது உடனே புரியும். டேலிய எடுக்க வேணாம், ஆனா பக்கத்துல இங்க அதிகம் ஓடுற கணக்கு சாஃப்ட்வேர் குவிக்புக்ஸ் இருக்கணும்னு சொன்னாங்க. குவிக்புக்ஸ் ப்ரோஅட்வைசர் பரீட்சை ஃப்ரீதான், மூணு வாரத்துல முடிச்சேன். டொரன்டோ பப்ளிக் லைப்ரரி கார்டு இருந்தா லிங்க்ட்இன் லேர்னிங் ஆன்லைன் கிளாஸும் ஃப்ரீயா பாக்கலாம், செடார்பிரே கிளையில உக்காந்துதான் நான் படிச்சது.

அப்புறம் இந்த கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் தலைவலி. இங்க வேலை பாத்தாதான் வேலை தருவேன்னா முதல் வேலைக்கு எங்க போறது? 2013லயே ஒன்டாரியோ மனித உரிமை கமிஷன் இது பாகுபாடுன்னு சொல்லியிருக்கு, 2026 ஜனவரி 1லேர்ந்து 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற கம்பெனிங்க விளம்பரத்துல கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் வேணும்னு போடவே கூடாதுன்னு சட்டம் வந்திருக்கு, சம்பளம் எவ்ளோன்னும் போடணும். நான் தேடினப்போ அந்த சட்டம் வரல. அக்கா எனக்குக் காட்டின வழி, மார்ச் ஏப்ரல்ல நடக்கிற ஃப்ரீ டேக்ஸ் கிளினிக்ல வாலன்டியர் பண்றது. வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு கனடாவோட வரித்துறையான சி.ஆர்.ஏ.வும் கம்யூனிட்டி அமைப்புங்களும் சேர்ந்து டேக்ஸ் ஃபைல் பண்ணிக் குடுக்கிற திட்டம், போலீஸ் செக் எடுத்துட்டு, ட்ரெயினிங் முடிச்சுட்டுப் போனேன். சனிக்கிழமை சனிக்கிழமை வயசானவங்களோட டி4ங்கிற சம்பள ஸ்லிப்பையும் பென்ஷன் ஸ்லிப்பையும் வச்சுக்கிட்டு உக்காந்தது ரெஸ்யூம்ல முதல் வரியா வந்துச்சு. அக்கவுன்ட்ஸ்ல இருந்து வர்றவங்க இதை விட்டுடாதீங்க.

ஒத்திகைக்காக மாக் இன்டர்வியூவும் ரெண்டு தடவை வச்சாங்க. நான் எதைக் கேட்டாலும் நாங்க பண்ணோம், எங்க டீம் பண்ணுச்சுன்னே பதில் சொல்லிட்டு இருந்தேன், அடக்கமா பேசணும்னு வளர்ந்த பழக்கம். நீங்க என்ன பண்ணீங்கன்னு ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்டாங்க. வாய் கூச்சம் போக ரெண்டு வாரம் ஆச்சு.

குறையும் இருக்கு, சொல்லாம விட்டா நியாயம் இல்ல. தனியா கவுன்சிலரைப் பாக்க முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க 3 வாரம் ஆச்சு, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் க்ரூப் ஒர்க்‌ஷாப் கட்டாயம்னாங்க. அந்த ஒர்க்‌ஷாப்ல எனக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்கல, நர்ஸ், வெல்டர், டிரைவர், அக்கவுன்டன்ட் எல்லாருக்கும் ஒரே ஸ்லைடைப் படிச்சுக் காட்டினாங்க. ஈவினிங் நேரம் கிடையவே கிடையாது. நான் அப்போ வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் போயிட்டு இருந்தேன், தூக்கம் இல்லாம காலை 10 மணி சந்திப்புக்கு பஸ் ஏறினது மறக்காது. பிழைப்புக்காகக் கிடைச்ச வேலைய, சர்வைவல் ஜாப், பாக்கிறவங்களுக்குத்தான் இந்த உதவி ரொம்பத் தேவை, அவங்களால வர முடியாத நேரத்துல வச்சா எப்படி? ஃபீட்பேக் ஃபார்ம்ல இதை எழுதிக் குடுத்துட்டேன், போறவங்க நீங்களும் எழுதுங்க. அப்புறம், அவங்க வேலை வாங்கித் தர மாட்டாங்க, தேட சொல்லித் தருவாங்க. தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்புற டெம்ப் ஏஜென்சி யாராவது வேலை தர்றேன், முன்பணம் கட்டுன்னு கேட்டா உடனே வெளிய வந்துடுங்க, டெம்ப் ஏஜென்சி தொழிலாளிகிட்ட அப்படி ஃபீஸ் வாங்குறது ஒன்டாரியோவுல சட்டப்படி தப்பு.

ஆகஸ்ட்ல மார்க்கம்ல ஒரு சின்ன கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பேயபிள், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய பில்லெல்லாம் பாக்கிற வேலை கிடைச்சுது. இன்டர்வியூல அவங்க முதல்ல கேட்டது அந்த 9 நாள் 5 நாளான கதையைத்தான்.

போறவங்க பி.ஆர். கார்டு, ரெஸ்யூமோட வேர்ட் ஃபைல், அப்புறம் உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு வேலை விளம்பரத்தை பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போங்க, விளம்பரம் இல்லாம போனா முதல் சந்திப்பு வெறும் பேச்சுலயே போயிடும். ஏ4 வேணாம், இங்க லெட்டர் சைஸ் பேப்பர், ரெண்டு பக்கத்துக்கு மேல போக வேணாம். 5க்கு 4 ஸ்டார் குடுக்கறேன், ஈவினிங் அப்பாயின்ட்மென்ட் வச்சாங்கன்னா அன்னைக்கே வந்து 5 ஆக்கிடுவேன்.