படகுக் கேபின் மழைக்கசிவு: கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிட்டவர்கள்

கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் விசைப்படகு வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பிளைவுட் கேபினின் மேல் பைபர் பூசியிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். மழைக்கசிவைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து ஓராண்டு உத்தரவாதத்துடன் அடைத்துத் தருவதாக முகநூலில் விளம்பரம் செய்யும், புதுச்சேரியிலிருந்து இயங்கும் நீர்க்கசிவுத் தடுப்பு நிறுவனம் ஒன்றிடம் 38,500 ரூபாயை இழந்திருக்கிறேன். பணம் திரும்ப வராது என்று நேற்று மாலைதான் முடிவாகச் சொன்னார்கள்.

மழை பெய்தால் எங்கள் சுக்கான் அறையில் டிரைவர் படுக்கும் இடத்துக்கு மேலே சொட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எல்லோரும் மராமத்து பார்ப்போம் என்பதால், அப்போதே இவர்களை வரவழைத்தேன். வந்தவர், முந்தைய இரவு பெய்த கோடை மழையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்லை அண்ணே, இது மழைத் தண்ணீர்தான்" என்றார். ஈரம் காட்டும் கருவியை உட்பலகையில் அழுத்திச் சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டினார். "சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு, கூரைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எங்கிருந்தோ ஓடி வரும்" என்றும் சொன்னார். அது முழு உண்மை. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் முன்பணமாக 20,000 ரூபாயை அங்கேயே கைபேசியில் அனுப்பினேன். இவ்வளவு தெரிந்த மனிதர் தண்ணீர் நுழையும் இடத்தைத் தேடவே இல்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மறுநாள் இரண்டு பையன்கள் வந்து, ஒரு ஜன்னல் சட்டத்தையும் கழற்றாமல், ஒரு திருகைக்கூட அவிழ்க்காமல், கண்ணில் பட்ட இடுக்குகளிலெல்லாம் புளித்த வாடை வீசும் சிலிக்கானைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். குழாய்த் தண்ணீர் அடித்துக் காட்டச் சொன்னதற்கு, பூச்சு காய்வதற்குள் தண்ணீர் பட்டால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். காய்ந்த பிறகு வருவதாகச் சொல்லி மீதி 18,500 ரூபாயையும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு இரவு பெய்த மழையில் பழைய இடத்தில் அப்படியே சொட்டியதோடு, அதுவரை ஒழுகாத ஜன்னல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கி ஜிபிஎஸ் இணைப்பை நனைத்துவிட்டது. அழைத்தபோது வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக்குறி விழுந்ததே தவிரப் பதில் இல்லை. பிறகு, வேலை பார்த்த ஆள் விலகிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு, கடல் காற்றுக்கு எந்தப் பூச்சும் நிற்காது என்றார்கள். படகுக்கென்றே விளம்பரம் செய்தவர்கள் சொல்லும் பதிலா இது? நேற்று பேசியவர், "சார், நாங்கள் பூசிய இடத்தில் கசியவில்லை, வேறு இடத்தில் கசிகிறது" என்றார். பணம் வாங்கும் வரை அண்ணன், இப்போது சார். அந்த வேறு இடத்தைக் கண்டுபிடிக்கத்தானே ஐயா 38,500 ரூபாய்?

அதைக் கண்டுபிடித்தவர் துறைமுகத்திலேயே வேலை செய்யும் ஒரு படகு ஆசாரி. குழாயைக் கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதியாக நிறுத்தி நிறுத்தி நனைத்து மேலே போனார்; மேலிருந்து அடித்தால் வழிந்து எல்லா இடமும் நனைந்து எதுவென்று தெரியாது என்றார். கூரையில் ஆன்டெனா கம்பம் நிற்கும் தகட்டின் திருகுத் துளை வழியாக இறங்கிய நீர், உட்பலகைக்குப் பின்னால் கட்டையோரமாக ஓடி, கைநீளத்துக்கு அப்பால் சொட்டியிருக்கிறது. அந்தத் தகட்டைச் சிலிக்கான் தொடவே இல்லை. ஜன்னல் கதையோ இன்னும் மோசம். இழுப்பு ஜன்னலின் அலுமினியச் சட்டத்தில், தேங்கும் நீர் வெளியே வடிவதற்காகவே விட்டிருக்கும் சிறு துளைகளைக் கசிவென்று நினைத்து அடைத்திருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத நீர் சட்டம் நிரம்பி உள்ளே வழிந்திருக்கிறது. ஒட்டிய சிலிக்கானை முழுவதும் சுரண்டாமல் வேறு பூச்சு பிடிக்காது என்பதால், அதைச் சுரண்டுவதற்கே தனிக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது.

வழக்கென்றால் புதுச்சேரிக்கு வர வேண்டும், தொழில் படகுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று மிரட்டவும் செய்தார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வைத்திருப்பவரையும் அது நுகர்வோராகவே கருதுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. கண்முன் தண்ணீர் அடித்துக் காட்டாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஜன்னல் சட்டத்தையும் தகட்டையும் கழற்றாமல் வெளியே மட்டும் பூசுபவரை அப்போதே நிறுத்துங்கள். ஜன்னல் வடிதுளைகளைத் தொட விடாதீர்கள். உத்தரவாதம் படகுக்கும் உண்டு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குக் கொடுத்தது வாட்ஸ்அப் செய்தி மட்டும். அதிலும் 38,500 ரூபாய் பெற்றதாக இருக்கிறதே தவிர, எந்த வேலைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.