1961 மொரிஸ் மைனர்: பெற்றோல் முள்ளோடு நான்கு வருடம்

2021 கார்த்திகையில் ஒரு மாலை, பரந்தனில் இருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது ஆனையிறவில் கார் இழுவை குறைந்து நின்றது. பெற்றோல் மீற்றரின் முள் கால் தாங்கி பெற்றோல் இருப்பதாகக் காட்டியது. இக்னிஷனைப் போட்டால் முன்பக்கத்தில் இருந்து, பெற்றோலை உறிஞ்சும் எஸ்.யூ. பம்ப் டிக் டிக் டிக் என்று ஓயாமல் அடித்தது. மைனர் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பெற்றோல் வந்தால் சில தரம் அடித்துவிட்டு அடங்கிவிடும். அடங்காவிட்டால் உறிஞ்ச ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் நீரேரி, இருட்டிக்கொண்டு வருகிறது, பின்சீற்றில் அம்மா. அந்த வழியால் வந்த ஓட்டோக்காரர் ஒரு போத்தல் பெற்றோல் தந்திராவிட்டால் அன்று பெரும் பாடாகியிருக்கும்.

கார் அப்பாவுடையது. 948 சி.சி. எஞ்சின், ஆறரை கலன் தாங்கி, அதாவது கிட்டத்தட்ட 29 லீற்றர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டின் மற்றப் பழைய கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அப்பா அப்போது முள்ளைப் பார்த்ததே இல்லை. எத்தனை போத்தல் ஊற்றினோம், எத்தனை மைல் ஓடினோம் என்ற கணக்குத்தான். 2021 நடுப்பகுதியில் நான் காரைத் திருத்தி எடுத்தபோது தாங்கியைக் கழற்றிக் கழுவி, துரு எடுத்து, பெயின்ற் அடித்துப் பூட்டினோம். முள் பிழை காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான் முதலில் செய்த வேலை, தாங்கிக்குள் இருந்து பெற்றோல் மட்டத்தை முள்ளுக்குச் சொல்லும் மிதவை யூனிற்றைப் புதிதாக வாங்கியது. கொழும்பில் ஒரு கடையில் "மைனருக்கானதுதான்" என்று தந்தார்கள். துளைகள் சரியாகப் பொருந்தின. பூட்டி, தாங்கியை நிரப்பினேன். முள் நிறைவுக்குப் போகாமல் கீழே இறங்கிவிட்டது! ஓட ஓட, பெற்றோல் குறையக் குறைய, முள் மேலே ஏறியது.

இந்த இடத்தில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மைனரில் வந்த ஸ்மித்ஸ் மீற்றரில் இரண்டு வகை உண்டு. முந்தியதில் இரண்டு கம்பிச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழும்பும், வளைவில் திரும்பினால் ஆடும். இதற்கான மிதவை யூனிற்றில் வெறுமையில் மின்தடை சுழியத்துக்கு அருகில் இருக்கும், நிரம்ப நிரம்பக் கூடும். அறுபதுகளின் நடுவில் வந்த பிந்திய வகையில் சூடேறி வளையும் ஈருலோகத் தகடு ஒன்று முள்ளைத் தள்ளும். முள் மெதுவாக ஏறும், ஆடாது. அதற்கு 10 வோல்ற் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று தனியாக உண்டு. அதன் யூனிற் நேர் எதிர்: வெறுமையில் 240 ஓம் அளவு, நிரம்பினால் 20, 30 ஓம். எனது மீற்றர் பழையது, வாங்கிய யூனிற் பிந்தியது. வாங்கும் முன் கடையிலேயே தடை அளக்கும் மல்ரிமீற்றரை வைத்து, மிதவையின் கம்பியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பழைய யூனிற்றை எறியாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதைத் திரும்பப் பூட்டிக்கொண்டு கொக்குவிலில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். டாஷ்போர்டைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "தம்பி, முள்ளைப் பிழை சொல்லாதை. கீழ இருந்து என்ன வருதோ அதைத்தான் அது காட்டும். முதல்ல எர்த்தைப் பார்." எர்த் என்றால் மின்சாரம் காரின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை.

டிக்கியில் சாமான்களையும் பலகையையும் எடுத்துவிட்டால் தாங்கியின் மேல்முகத்தில் யூனிற்றின் வட்ட மூடி தெரியும். அதில் வந்து ஏறும் வயர் பச்சை, நடுவில் கறுப்புக் கோடு. மெக்கானிக் அண்ணை அந்த வயரைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். முள் நேரே நிறைவுக்குப் போனது. வயரை, மூடியில் இருந்து நன்றாக விலக்கி, டிக்கியின் உடம்பில் தொட்டார். முள் வெறுமைக்கு விழுந்தது. அவ்வளவுதான், மீற்றரும் வயரும் நல்லாக இருக்கின்றன. (பிந்திய வகையில் இது மாறி நடக்கும்: கழற்றினால் வெறுமை, தொட்டால் நிறைவு.) இந்தச் சோதனையை யூனிற் மூடியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தாங்கியைத் திறப்பதென்றால் பற்றரியைக் கழற்றிவிட்டுத் திறந்த வெளியில் வைத்துத்தான். பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

பிறகு மல்ரிமீற்றரின் ஒரு முனையை மூடியிலும் மற்றதைக் காரின் உடம்பிலும் வைத்தார். ஒரு ஓமுக்குக் கீழே காட்டியிருக்க வேண்டும். 20க்கும் 30க்கும் இடையில் தத்தளித்தது. நாங்கள் அடித்த பெயின்ற் திருகுகளின் புரிக்குள்ளும் போயிருந்தது, மூடிக்கு அடியிலோ மின்சாரம் கடத்தாத கோர்க் வாஷர். மின்சாரம் திரும்பிப் போக நல்ல வழியில்லை. அந்த உபரித் தடையை, எனது வகை மீற்றர், பெற்றோல் என்று எண்ணிக்கொள்கிறது. வெறும் தாங்கி கால் தாங்கியாகத் தெரிந்தது அதனால்தான். பழைய வகையில் எர்த் பழுதானால் முள் எப்போதும் கூடத்தான் காட்டும், நடுவழியில் விடுவது அதுதான்.

திருத்தம் எளியது. மூடியின் ஒரு திருகைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, நட்சத்திர வாஷர் போட்டு, வளையம் வைத்த கறுப்பு வயர் ஒன்றை அதில் பிடித்து, மறு முனையைக் காரின் உடம்பில் பெயின்ற் சுரண்டிய இடத்தில் இறுக்கினோம். மேலே கொஞ்சம் வாஸ்லின். யூனிற்றையும் ஒருதரம் வெளியே எடுத்தோம். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தோம், உள்ளே பெற்றோல் குலுங்கும் சத்தம் இல்லை. கொதிநீரில் அமுக்கினோம், குமிழி வரவில்லை. தடைக் கம்பியில் மட்டும் கறுப்பாகப் பசை பிடித்திருந்தது. துப்புரவாக்கும் ஸ்பிரே அடித்து மெல்லிய தூரிகையால் துடைத்தோம்.

சரி, அளவு பார்ப்பது மிச்சம். அது 2022 ஆடியில்தான் நடந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்ட காலம். ஒவ்வொரு லீற்றருக்கும் கணக்குப் பார்த்த அந்த நாட்களில் சரியான முள் எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பம்ப் ஓயாமல் அடிக்கும் வரை வீட்டு ஒழுங்கையிலேயே ஓட்டி முடித்துவிட்டு, வடித்து வைத்திருந்த பெற்றோலை நாலு நாலு லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தரமும் முள் நிற்கும் இடத்தைத் தாளில் வரைந்தேன். நாலு லீற்றர் இருக்கும்போது முள் வெறுமைக் கோட்டில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். மிதவையின் கம்பியைக் குறட்டால் மெல்ல வளைத்து, மூன்று தரம் திறந்து மூடி, அதைக் கொண்டுவந்தேன். காரை மட்டமான தரையில் நிறுத்திச் செய்யுங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தாலே கணக்குப் பிழைக்கும்.

இப்போது நான்காவது வருடம். கீழ்ப்பாதியை நம்பலாம். கால் என்றால் கால்தான், இரண்டு தரம் வடித்து அளந்துவிட்டேன். மேற்பாதி அப்படியில்லை. நிரப்பியதில் இருந்து அறுபது, எழுபது மைல் வரை முள் அசையாது, பிறகு அரைக்குச் சட்டென்று இறங்கும். மிதவை வில்வட்டமாக நகர்வதால் அது அப்படித்தான், கம்பியை வளைத்து மாற்ற முடியாது. வளைவுகளில் முள் ஆடுவதும் இந்த வகையின் இயல்பு. அதற்காக யாரும் மீற்றரைக் கழற்ற வேண்டாம்.

எங்கள் காற்றில் உப்பு இருப்பதால் வருடத்துக்கு ஒருதரம், மாரி முடிந்ததும், அந்தக் கறுப்பு வயரின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுகிறேன். போன தை மாதம் பார்த்தபோது உடம்புப் பக்க முனையில் பச்சைப் பாசி போல் பூத்திருந்தது, மல்ரிமீற்றர் 6 ஓம் காட்டியது. சுரண்டிய பிறகு அரை ஓம். கோர்க் வாஷரை மட்டும் ஒவ்வொரு தரமும் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டதால் ஒரு மாதம் டிக்கி முழுக்கப் பெற்றோல் மணத்தது.