ஐந்தாவது பிக்கில் யார்: சேஸா, சூவலா?

2020 நவம்பர் 22. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் ஜோ பரோ பந்தை எறிந்து முடிக்கிற அதே நொடியில் இரண்டு பேர் மேலும் கீழுமாக வந்து மோதினார்கள். இடது முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் “அப்பா, எழுந்திருக்க மாட்டேங்கிறாரே” என்றான். வண்டியில் ஏற்றித்தான் வெளியே கொண்டுபோனார்கள்.

நாங்கள் சின்சினாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பெங்கால்ஸ்தான் எங்கள் அணி. கல்லூரி வீரர்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட், ஒவ்வொரு தேர்வும் ஒரு பிக். அதற்கு முந்தைய வருடம் இரண்டே ஆட்டம் ஜெயித்ததால்தான் பரோ முதல் பிக்காக எங்களுக்குக் கிடைத்தார். வந்த வருடம் பத்து ஆட்டத்தில் 32 சாக் வாங்கினார். இந்த ஆட்டம் பழகாதவர்களுக்காக: தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். எறிய அவருக்கு இரண்டரை, மூன்று நொடி வேண்டும். அந்த நொடிகளைத் தருவது அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர், அதாவது ஆஃபென்சிவ் லைன். அவர்களைத் தாண்டி வந்து, எறிவதற்குள் அவரைக் கீழே தள்ளிவிட்டால் அது சாக்.

அந்த சீசன் 4 வெற்றி, 11 தோல்வி, ஒரு டிரா என்று முடிந்தது. 2021 டிராஃப்டில் எங்களுக்கு ஐந்தாவது பிக். அப்போது ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒரு பக்கம் பெனே சூவல், ஒரிகன் பல்கலைக்கழகத்து டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவர்), கல்லூரி அளவில் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பையை 2019இல் வாங்கியவர். இன்னொரு பக்கம் ஜமார் சேஸ், அதே 2019இல் எல்எஸ்யூ என்கிற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பரோவோடு ஆடி 20 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) பிடித்த ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவர். நான் சூவல் கட்சி. காலுடைந்த குவார்ட்டர்பேக்குக்கு முதலில் வேலி கட்டு என்பதுதான் என் வாதம்.

பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. இரண்டு பிக் தள்ளி, ஏழாவதாக டெட்ராய்ட் லயன்ஸ் சூவலை எடுத்தது. லயன்ஸும் எங்களைப் போலவே நொந்துபோயிருந்த அணி, 2020இல் 5-11. ஒரே டிராஃப்டில் இரண்டு நலிந்த அணிகள் எதிரெதிர் வழியில் கிளம்பியதால், இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதல் வருடத்தில் போட்டியே இல்லை. சேஸ் 1,455 யார்டு, 13 டச் டவுன், சிறந்த புதுமுக விருது. 2022 ஜனவரி 2ஆம் தேதி கன்சஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 யார்டு பிடித்தார். புதுமுகம் யாரும் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. அன்று நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். பெங்கால்ஸ் 10-7. அப்புறம் தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்று, 31 வருடத்துக்குப் பிறகு அதில் முதல் வெற்றி, அங்கிருந்து நேராக இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். அந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு மாதம் எப்படி இருந்தது என்று தெரியும். அதே சீசனில் லயன்ஸ் ஜெயித்தது மூன்று ஆட்டம். “பார்த்தியா உன் சூவலை?” என்று கேட்காத நண்பர்கள் இல்லை. பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் அதே சீசனின் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வழக்கமான சீசனில் பரோ வாங்கிய சாக் 51, லீக்கிலேயே அதிகம். பிளேஆஃபில் டென்னசிக்கு எதிராக மட்டும் 9. அந்த ஆட்டத்தை 19-16 என்று ஜெயித்தோம் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. சூப்பர் பவுலில் 7. எல்லாம் கூட்டினால் 70. முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒருவர் 70 முறை கீழே விழுந்து எழுந்திருக்கிறார்.

சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தைச் சொல்லாமல் இந்த அலசல் நிறைவடையாது. ராம்ஸ் 23, நாங்கள் 20. பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவது டவுனில் ஒரு யார்டு வேண்டும். ஓடிப் பார்த்தோம், ராம்ஸின் ஆரன் டொனால்ட் பிடித்து நிறுத்தினார். நான்காவது டவுன், அதே ஒரு யார்டு. பரோ பந்தை வாங்கிப் பின்னால் வந்தார். ஓரத்தில் சேஸ் கிளம்பிவிட்டார், அவரைக் காவல் காத்த ஜேலன் ராம்சி நிலைதடுமாறிப் பின்தங்கினார். சேஸுக்கு முன்னால் வெறும் புல்தரை. இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் பந்து அங்கே போயிருக்கும். அந்த ஒரு நொடிதான் இல்லை. டொனால்ட் லைனின் உள்பக்கம் நிற்கும் கார்டைத் தாண்டி வந்து பரோவின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றினார். விழுந்துகொண்டே தள்ளிவிட்ட பந்து யாருக்கும் சேராமல் தரையில் விழுந்தது. அந்தக் காட்சியை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஐந்தாவது பிக்கில் எடுத்த ஆள் ஓரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார், அவரிடம் பந்தைச் சேர்க்க நேரம் வாங்கித்தர நடுவில் ஆள் இல்லை.

அந்த ராம்ஸின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டு டெட்ராய்ட்டிலிருந்து போனவர். அவருக்குப் பதிலாக ராம்ஸ் கொடுத்தது ஜாரெட் காஃப், இரண்டு முதல் சுற்று பிக், ஒரு மூன்றாம் சுற்று பிக். எதிர்காலத்தை விற்று இன்றைக்கு ஆள் வாங்குவது மூன்றாவது வழி. ராம்ஸுக்குக் கோப்பை கிடைத்தது, அடுத்த வருடமே 5-12 என்று விழுந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாம் இருந்து ஒன்று மட்டும் குறையும் அணிக்கு அது சரி. அடியிலிருந்து கட்ட வேண்டிய அணிக்கு அது ஆகாது.

டெட்ராய்ட் பக்கம் வருவோம். பயிற்சியாளர் டான் கேம்பல், மேலாளர் பிராட் ஹோம்ஸ் இருவரும் 2021இல் வந்தபோது லைனில் டேக்கிள் டெய்லர் டெக்கரும் நடுவில் நிற்கும் சென்டர் ஃபிராங்க் ரேக்னோவும் ஏற்கெனவே இருந்தார்கள், இருவருமே முதல் சுற்று பிக். அதற்கு மேல் சூவல். காஃப் ஓடித் தப்பிக்கிற ஆள் கிடையாது. காலை ஊன்றி நிற்க இடம் கொடுத்தால் துல்லியமாக எறிவார், கொடுக்காவிட்டால் தடுமாறுவார். ராம்ஸ் கைகழுவிய ஆளை டெட்ராய்ட் நிற்கவைத்து எறிய விட்டது. ரிசீவருக்கு என்ன செய்தார்கள்? அதே 2021 டிராஃப்டில் நான்காவது சுற்றில், 112ஆவது பிக்கில் அமோன்-ரா செயின்ட் பிரவுனை எடுத்தார்கள். இன்று லீக்கின் முன்னணி ரிசீவர்களில் அவர் ஒருவர். எல்லா டிராஃப்டிலும் 112இல் இப்படி ஒருவர் கிடைக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 112இல் ஒரு சூவல் கிடைப்பது அதைவிட அரிது.

சூவல் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது 2022 டிசம்பரில் மின்னசோட்டாவோடு நடந்த ஆட்டம். கடைசி நிமிடங்கள், மூன்றாவது டவுன், ஏழு யார்டு வேண்டும். காஃப் பந்தை எறிந்தது சூவலுக்கு! 330 பவுண்டுக்காரர் ரிசீவரைப் போல ஓரமாக ஓடிப் பிடித்து ஒன்பது யார்டு எடுத்து ஆட்டத்தை முடித்து வைத்தார்.

லயன்ஸின் ஏற்றம் மெதுவாகத்தான் வந்தது: 3 வெற்றி, அப்புறம் 9, 12, 15. 2024இல் 564 புள்ளி குவித்தது, ஆட்டத்துக்கு 33க்கு மேல். ஆனாலும் சூப்பர் பவுலை அவர்கள் இன்னும் தொடவில்லை. 2023 சீசனில் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ அணியோடு, பாதி ஆட்டம் வரை 24-7 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 34-31க்குத் தோற்றார்கள். சேஸ் கட்சிக்காரர்கள் இதைச் சொல்லும்போது என்னால் மறுக்க முடியாது. நாங்கள் அங்கே போனோம், அவர்கள் போகவில்லை. லைனும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. ரேக்னோ 2025இல் ஓய்வு அறிவித்ததும் நடுப்பகுதியின் பழைய உறுதி போய்விட்டது.

பெங்கால்ஸ் லைனைச் சரிசெய்யவே முயலவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2022இல் டெட் கேரஸ், அலெக்ஸ் காப்பா, லயெல் காலின்ஸ் என்று மூன்று பேரை வெளியிலிருந்து கூட்டி வந்தார்கள். அந்த சீசன் 12-4. பிளேஆஃப் சூடு பிடிப்பதற்குள் ஐந்து பேரில் மூவர் காயத்தில் வெளியே. அடுத்தடுத்து ஓட்டையை அடைத்தார்கள், இன்னொரு பக்கம் பிய்ந்தது. பரோ 2023இல் மணிக்கட்டுக் காயத்தால் பாதியில் நின்றார், 2025இல் இரண்டாவது வாரமே கால் பெருவிரல் போனது. எல்லாவற்றையும் லைன் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் முதல் ஆறு சீசனில் மூன்று இப்படிச் சிதைந்தன. அதற்குள் பரோவுக்கு 27.5 கோடி டாலர், சேஸுக்கு 16.1 கோடி, இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்கு 11.5 கோடி என்று ஒப்பந்தங்கள். மூவரும் அந்தப் பணத்துக்குத் தகுதியானவர்கள்தான். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் அதற்குப் பிறகு கார்டுக்கும் தற்காப்புக்கும் என்ன மிஞ்சும்? 2024இல் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச் டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம், பரோ 43 டச் டவுன் எறிந்தார். அப்படியும் 9-8, பிளேஆஃப் கிடையாது.

என் வாதத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி சிகாகோ அணி. 2024இல் புதுமுக குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு ரிசீவர்களை வரிசையாக வாங்கிக் கொடுத்தார்கள், லைனை விட்டுவிட்டார்கள். 68 சாக், 5-12. லயன்ஸின் தாக்குதலை வடிவமைத்த பென் ஜான்சன் 2025இல் தலைமைப் பயிற்சியாளராக அங்கே போனதும், டிராஃப்ட் வருவதற்கு முன்பே லைனின் நடுப்பகுதி மூன்று பேரையும் மாற்றினார்கள்: ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், சென்டர் டிரூ டால்மன். சாக் 24 ஆகக் குறைந்தது. 11-6, டிவிஷனில் முதலிடம். குவார்ட்டர்பேக் அதே பையன்.

ஆகவே சேஸ் தவறான தேர்வா என்று கேட்டால், இல்லை. அவரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது. ஆனால் நாளைக்கே ஓர் இளம் குவார்ட்டர்பேக்கும், ஓட்டை லைனும், ஐந்தாவது பிக்கும் என் கையில் வந்தால் டேக்கிளைத்தான் எடுப்பேன், ரிசீவரை இரண்டாவது சுற்றில் தேடுவேன். முதல் வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்தாலும் பரவாயில்லை. என் மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் போடுவது சேஸின் 1ஆம் எண் ஜெர்சிதான். ஆட்டம் தொடங்கியதும் என் கண் பந்தின் மேல் போவதில்லை, அந்த ஐந்து பேரின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.