சொந்தக் கொடியா, வாங்கிய பழமா?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மிட்லண்ட்ஸ் பகுதியில் சிறிய ஒயின் ஆலை தொடங்க எண்ணும் நம்மவர்கள், திராட்சைக் கொடியைத் தாமே நடுவதா, கேப் பகுதியிலிருந்து பழம் வாங்குவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நட்ட கொடி உருப்படியாகக் காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும். கேப்பில் மழை குளிர்காலத்தில் பெய்ய, இங்கோ பழம் பழுக்கும் கோடையில்தான் கொட்டுகிறது. சில நாள் ஈரத்துக்குப் பின் இலையைத் திருப்பினால் அடியில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும் என்பதால், மருந்தடிப்பைத் தள்ளிப்போடவே முடியாது. வாங்கிய பழத்திலோ முதல் ஆண்டே ஒயின் கிடைக்கும். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 800 புட்டிகள். ஆனால் ஒயினுக்கான பழம் விளைந்த இடத்தைப் புட்டியில் குறிப்பது பற்றி 1973இல் வந்த தோற்றிட விதிமுறைப்படி, பழம் முழுவதும் இங்கே விளையாவிட்டால் புட்டியில் குவாசுலு-நட்டால் பெயரை இட இயலாது. டர்பனிலிருந்து வருவோருக்குப் பெருமையோடு ஊற்றித் தர அந்தப் பெயர்தான் வேண்டும். பழம் வாங்கி ஆலையை நடத்திக்கொண்டே அரை ஹெக்டேரில் கொடி நடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.